சவுண்ட்பாரைக் கணினிக்குக் கொழுவலாமா?

பரந்தன் பெடியன்:
டிவி பழுதாகி, அதோடு பாவித்த சவுண்ட்பார் (நீளமான ஸ்பீக்கர்) சும்மா கிடக்கிறது, அதைக் கணினி மேசையில் வைத்துப் பாவிக்கலாமா? எச்டிஎம்ஐ வயரைக் கொழுவினால் சத்தமே இல்லை. புளூடூத்தில் வருகிறது, ஆனால் வாய் அசைந்த பிறகுதான் பேச்சு கேட்கிறது.

மாங்குளத்தார்:
தம்பி, பாரில் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை மட்டும் இருந்தால் அது டிவியிலிருந்து சத்தம் வாங்கத்தான், கணினியின் கிராபிக்ஸ் கார்ட் பொதுவாக அந்த வழியால் அனுப்பாது. எச்டிஎம்ஐ இன் (உள்ளே வாங்கும் துளை) என்று தனியாக இருக்கிறதா பாரும். இல்லையென்றால் 3.5 மில்லிமீற்றர் ஆக்ஸ் வயர் (கணினியின் ஹெட்போன் துளையில் கொழுவுவது) போதும், கிளிநொச்சி டவுனில் போன் கடைகளில் கேட்டுப் பாரும். புளூடூத் பாட்டுக்குப் பரவாயில்லை, கேமுக்குச் சரிவராது.

வவுனியாக்காரி:
ஆக்ஸ் போட்டாலும், கணினியில் சத்தத்தைக் குறைத்து வைத்தால் சில பார்கள் சிக்னல் இல்லையென்று நினைத்துத் தானாக நித்திரைக்குப் போய்விடும். அதனால் விண்டோஸில் கூட்டிவிட்டு ரிமோட்டால் குறையுங்கள். அப்புறம், சப்வூபரை (பேஸ் என்ற அடித்தொனிக்கான தனிப் பெட்டி) அறை மூலையில் தள்ளாதீர்கள், பேஸ் அளவுக்கு மீறி இடிக்கும். எனக்கென்றால் பக்கத்தில் இருந்து கேட்க இரண்டு சின்ன ஸ்பீக்கர்தான் நல்லம், பார் தூரத்தில் கதிரை போட்டுக் கேட்கச் செய்தது.

பரந்தன் பெடியன்:
ஆக்ஸ் துளை இருக்கிறது அண்ணை, வயர் வாங்கிப் பார்க்கிறேன். புது ஸ்பீக்கருக்கு இப்போது காசில்லை அக்கா.