சைமன் – கார்ஃபங்கல் சென்ட்ரல் பார்க் கச்சேரி: நான் கேட்ட விதம்

அமெரிக்கப் பாடகர்களான பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் 1981இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் சேர்ந்து பாடிய ‘த கான்செர்ட் இன் சென்ட்ரல் பார்க்’ என்ற இரட்டை இசைத்தட்டை, நான் கேட்ட நேரடிக் கச்சேரிப் பதிவுகளுள் முதலிடத்தில் வைக்கிறேன். பிரிந்திருந்த இரு நண்பர்கள் மீண்டும் கூடிப் பாடினார்கள் என்ற மகிழ்ச்சிக்காகவே இதைப் பலரும் கொண்டாடுகிறார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் இதைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது, அவர்கள் பிரிந்து வாழ்ந்த பதினோரு ஆண்டுகள் இரண்டு குரல்களிலும் தெளிவாகக் கேட்கின்றன என்பதுதான்.

கல்லூரி விடுதியில் அறைத்தோழர் ஒருவர் வைத்திருந்த 90 நிமிடக் கேசட்டில்தான் இதை முதலில் கேட்டேன். தட்டிலிருந்து நகலெடுத்த கேசட் அது. உறையில் பாடல்களின் பெயர்கள்கூட இல்லை. அதற்கு முன்பு இவர்களுடைய ஸ்டூடியோப் பதிவு எதையும் கேட்டிராததால், எனக்கு இந்தக் கச்சேரி வடிவங்களே மூல வடிவங்களாகப் பதிந்துவிட்டன. பின்னாளில் 1969இல் வெளிவந்த ‘த பாக்ஸர்’ பாடலைக் கேட்டபோது, நடுவில் ஒரு சரணம் இல்லாதது கண்டு திகைத்தேன். ஸ்டூடியோப் பதிவில் அந்த இடத்தில் சொற்களே கிடையாது. ஸ்டீல் கிட்டாரும் சிறிய டிரம்பெட்டும் ஒன்றாக இழைந்து வாசிக்கும் ஒரு மெட்டு மட்டும் வந்துபோகிறது. சென்ட்ரல் பார்க்கில் அதே இடத்தில் ஒரு சரணம் பாடுகிறார்கள். ஆண்டுகள் உருண்டோடுகின்றன, முன்பு இருந்ததைவிட எனக்கு வயதாகிவிட்டது, இனி ஆகப்போவதைவிட இப்போது இளையவன், இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் நாம் ஏறத்தாழ அதே ஆட்கள்தான் என்பது அதன் சாரம். இருவருக்கும் அப்போது வயது 39. இருபதுகளின் பிற்பகுதியில் இந்தச் சரணத்தைப் பாடியிருந்தால் அது வெறும் அழகான சொற்கோவையாக நின்றிருக்கும். கோபித்துக்கொண்டு பிரிந்து, தனித்தனியே பாடி, வென்றும் தோற்றும் திரும்பிவந்த இருவர் ஒரே மூச்சில் பாடும்போது, ‘ஏறத்தாழ’ என்ற அந்தத் தயக்கத்திற்குள் அவர்களுடைய முழு வரலாறும் அடங்கிவிடுகிறது.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரே பள்ளியில் படித்த சிறுவர்கள் இவர்கள். எவர்லி சகோதரர்களின் இரட்டைக் குரல் பாணியைப் பார்த்துப் பழகி, ‘டாம் அண்ட் ஜெர்ரி’ என்ற பெயரில் 1957இலேயே ஒரு சிறு வெற்றியைப் பார்த்தவர்கள். 1970இல் ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’ தொகுப்பு வெளிவந்து உலகமே கொண்டாடிய அதே ஆண்டில் பிரிந்தார்கள். இடையில் 1975இல் ஒரு பாடலுக்காகச் சேர்ந்ததைத் தவிர, பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

கச்சேரி நடந்தது 1981 செப்டம்பர் 19, சனிக்கிழமை மாலை. நகரத்தின் நிதி நெருக்கடியால் சென்ட்ரல் பார்க் பல ஆண்டுகளாகப் பராமரிப்பின்றிச் சீரழிந்து கிடந்தது. அதைச் சீரமைக்க நிதி திரட்டும் நோக்கில் இந்த இலவசக் கச்சேரியை ஏற்பாடு செய்தார்கள். பார்வையாளர்களிடம் ஒரு காசும் வாங்காமல், ஒளிபரப்பும் இசைத்தட்டும் ஈட்டித்தரும் வருவாயிலிருந்து பூங்காவுக்கு உதவுவது திட்டம். கிரேட் லான் என்ற பெரும் புல்வெளியில் ஐந்து லட்சம் பேர் கூடினார்கள் என்பது அன்றைய கணக்கு.

என் சித்தப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர். அங்கே மேற்படிப்புக்குப் போயிருந்தவர், உடன் படித்தவர்கள் இழுத்துப்போனதால் போனார். அவரிடம் இதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவர் சொல்வது, மேடையில் யார் நின்றார்கள் என்பதே தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைத்தான். பகலில் பெய்த மழையால் தரை ஈரமாக இருந்ததாம். காலையிலிருந்தே ஜமுக்காளம் விரித்து இடம்பிடித்திருந்தவர்களைத் தாண்டி முன்னே போக முடியவில்லையாம். மேடையை நியூயார்க் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடிபோல அமைத்திருந்தார்கள் என்பதைக்கூடப் பின்னாளில் ஒளிப்பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். தொலைவில் முன்பகுதியில் எழும் ஆரவாரம் தன்னை வந்தடைவதற்குள் அடுத்த வரி தொடங்கிவிடும் என்றும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்கள் எல்லாச் சொற்களையும் மெல்லிய குரலில் கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்வார். அவர் சொன்ன பிறகே, ஹெட்போன் வைத்துக் கேட்கும்போது பாடகர்களை விட்டுவிட்டுக் கூட்டத்தை மட்டும் கவனிக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

இந்தப் பதிவில் கூட்டம் எங்கெல்லாம் குரல் எழுப்புகிறது என்று பாருங்கள். ‘எ ஹார்ட் இன் நியூயார்க்’ பாடலில் இருட்டிய பிறகு சென்ட்ரல் பார்க்கில் திரியக்கூடாது என்று சொல்லும் வரி வருகிறது. அதைக் கேட்டதும், இருட்டிய பிறகு அதே பூங்காவில் நின்றுகொண்டிருக்கும் லட்சக்கணக்கானோர் ஒருசேர ஆர்ப்பரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பூங்கா உண்மையிலேயே மக்கள் அஞ்சிய இடமாக இருந்தது. தங்கள் ஊரின் பூங்காவைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொண்ட ஒரு மாலையின் பெருமிதம் அந்த ஆரவாரத்தில் இருக்கிறது. இறுதிப் பாடலான ‘த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாடலில் பத்தாயிரம் பேரை, ஒருவேளை அதற்கும் மேலானோரைக் கண்டதாகச் சொல்லும் வரியிலும் அதேபோல் பெரும் கூச்சல் எழுகிறது. ஒருவரோடொருவர் பேசாமல் பேசும் மனிதர்களைப் பற்றிய துயரமான வரி அது. கூட்டம் அதைத் தன்னைப் பற்றிய வாழ்த்தாக ஏற்றுக்கொள்கிறது. இதைக் குறையாகச் சொல்பவர்களை நான் அறிவேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடலில் இருக்கும் தனிமையை அங்கே இருந்தவர்கள் அந்த ஒரு நொடிக்கு இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள், இது ஸ்டூடியோவில் நடக்கவே முடியாத ஒன்று.

அந்தப் பாடலுக்கே ஒரு தனிக் கதை உண்டு. 1964இல் அகூஸ்டிக் வாத்தியங்களின் துணையோடு மட்டும் பதிவுசெய்யப்பட்டது அது. தொகுப்பு விற்கவில்லை. அடுத்த ஆண்டு தயாரிப்பாளர் டாம் வில்சன், பாடியவர்களுக்குத் தெரிவிக்காமலேயே, எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றை அதன்மேல் சேர்த்து வெளியிட்டார். 1966 ஜனவரியில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. நாட்டுப்புறப் பாணியும் ராக் இசையும் கலந்த ஒரு வகை வேரூன்றக் காரணமான பதிவுகளில் அதுவும் ஒன்று. ஆனால் சென்ட்ரல் பார்க்கில், பின்னால் இத்தனை பெரிய வாத்தியக் குழு இருந்தும், சைமனின் கிட்டாரையும் இரண்டு குரல்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, 1964இல் இருந்த எளிமையோடு அதைப் பாடி முடிக்கிறார்கள்.

வாத்தியக் குழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழையபடி இரண்டு பேரும் ஒரு கிட்டாரும் போதும் என்பது கார்ஃபங்கலின் விருப்பம்; தன்னுடைய பிற்காலப் பாடல்கள் டிரம்பெட், சாக்ஸபோன் முதலியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால் குழு வேண்டும் என்றார் சைமன். குழு வந்தது. ஸ்டீவ் கேட், கிரேடி டேட் என்ற இரு டிரம்ஸ் கலைஞர்கள், பேஸில் ஆன்டனி ஜாக்சன், பியானோவில் ரிச்சர்ட் டீ என்று அன்றைய நியூயார்க்கின் ஆகச் சிறந்த கைகள் மேடையில் இருந்தன. மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு இந்தத் தட்டைப் போட்டுக் காட்டினேன். அவர் பாடல்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘ஃபிஃப்டி வேஸ் டு லீவ் யுவர் லவர்’ தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அணிவகுப்பு நடைபோல் ஸ்நேர் டிரம்மில் உருளும் அந்தச் சொற்கட்டை நாலைந்து முறை திரும்பப் போடச் சொல்லி, தொடையில் தட்டிப் பார்த்து, பாடுபவருக்கு இடமும் கொடுத்துத் தானும் தனியாகப் பேசிக்கொண்டே போகிறார் இவர் என்றார். கேட் 1975ஆம் ஆண்டு ஸ்டூடியோப் பதிவிலும் இதே பாடலுக்கு வாசித்தவர். ஆனாலும் கேட்க வேண்டியது இங்கேதான் என்பதில் நானும் அந்த நண்பரும் ஒத்துப்போகிறோம்.

ரிச்சர்ட் டீயின் பியானோவுக்காக ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’ பாடலைத் தனியே எடுத்துக் கேளுங்கள். தேவாலயத்துக் கறுப்பினப் பாடகர் குழுவின் வாடை அவர் விரல்களில் இயல்பாகவே இருக்கிறது. கார்ஃபங்கலின் குரலில் 1970ஆம் ஆண்டின் அந்தக் கண்ணாடித் தெளிவு முழுமையாக இல்லை என்பது உண்மை. உச்சத்திற்குப் போகும்போது சற்று உழைப்பு தெரிகிறது. அந்த உழைப்புதான் என்னைக் கட்டிப்போடுகிறது. பழைய பதிவு ஆறுதல் சொல்கிறது; இந்தப் பாடகர் ஆறுதல் சொல்வதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தவராகப் பாடுகிறார்.

எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தில் இல்லை. முதல் பாடலான ‘மிஸஸ் ராபின்சன்’ குழுவின் சத்தத்தில் சற்றே இறுகிப்போய் ஒலிக்கிறது. ‘கோடாக்ரோம்’ பாடலோடு சக் பெர்ரியின் ‘மேபெலீன்’ பாடலை ஒட்டவைத்தது ஆட்டத்திற்கு நல்லது, அவ்வளவுதான். ‘ஸ்கார்பரோ ஃபேர்’ பாடலிலும், அதையடுத்து கார்ஃபங்கல் தனியாகப் பாடும் ‘ஏப்ரல் கம் ஷி வில்’ பாடலிலும் வாத்தியங்கள் ஒதுங்கி நிற்க, நாட்டுப்புற இசையின் பழைய எளிமை அப்படியே எழுந்து வருகிறது. ‘ஸ்கார்பரோ ஃபேர்’ இங்கிலாந்தின் பழம்பாடல். லண்டனில் இருந்த நாட்களில் ஆங்கில நாட்டுப்புறப் பாடகர் மார்ட்டின் கார்தியிடமிருந்து அதன் கிட்டார் அமைப்பைச் சைமன் கற்றுக்கொண்டார். வாசிப்பு மெதுவாக இருக்கும்போது அந்த விரல் நடையைத் துல்லியமாகப் பின்தொடரலாம்.

இசைத்தட்டில் இல்லாத ஒரு பாடலைப் பற்றியும் எழுத வேண்டும். ‘த லேட் கிரேட் ஜானி ஏஸ்’ என்ற அப்போதைய புதிய பாடலைச் சைமன் அன்று பாடினார். 1954 கிறிஸ்துமஸின்போது துப்பாக்கியால் உயிரிழந்த பாடகர் ஜானி ஏஸில் தொடங்கி, ஜான் லென்னனின் கொலையில் முடியும் பாடல் அது. லென்னன் 1980 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய டகோட்டா கட்டடத்தின் வாசலில்; ஒன்பது மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாடலின் நடுவே ஒருவர் மேடைமேல் ஓடிவந்து சைமனை நெருங்கினார். காவலர்கள் அவரை இழுத்துச் சென்றார்கள். சைமன் ஒரு அடி பின்வாங்கி, பிறகு பாடலைத் தொடர்ந்து முடித்தார். ஒளிப்பதிவில் இது இருக்கிறது, தட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். சுமார் 75 நிமிடத் தட்டு இப்போது இருக்கும் வடிவில் ஒரு கொண்டாட்டமாக ஓடுகிறது. அந்தப் பாடலும் இருந்திருந்தால் அந்த மாலையின் மேல் படிந்திருந்த அச்சமும் துக்கமும் கேட்பவருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே தட்டை விரும்புகிறவர்கள் ஒளிப்பதிவை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு பாடலைத்தான் கேட்க முடியும் என்றால், இரண்டாம் பக்கத்தில் வரும் ‘அமெரிக்கன் டியூன்’ பாடலைச் சொல்வேன். சைமன் 1973இல் தனியாக வெளியிட்ட பாடல் இது. மெட்டு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் ‘மத்தேயு பாடுகள்’ இசைக்கோவையில் கையாண்ட பழைய தேவாலயப் பாட்டிலிருந்து வந்தது. களைத்துப்போன ஒரு நாட்டைப் பற்றி, உடைந்த கனவுகளைப் பற்றி, நாளை மீண்டும் வேலைக்குப் போக வேண்டியிருப்பதைப் பற்றிப் பாடுகிறது. கார்ஃபங்கல் இல்லாத ஆண்டுகளில், அவர் இல்லாமலேயே எழுதப்பட்ட பாடல். அதில் அன்று அவர் குரலும் சேர்கிறது. சைமன் தனியாகப் பாடிய பதிவில் அது ஒருவனுடைய களைப்பு. இங்கே இரண்டாம் குரல் மேலே வந்து அமரும்போது, தன் நண்பன் கடந்துவந்த ஆண்டுகளை ஒருவர் காலம் தாழ்ந்து கேட்டறிந்து, அவற்றில் தன் பங்கையும் பாடுவதாகவே எனக்குக் கேட்கிறது. ஸ்டூடியோப் பதிவில் வயலின் முதலிய நரம்பு வாத்தியங்களின் கோவை அழகாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. இருந்தும் இந்தக் கச்சேரி வடிவத்தைக் கேட்ட பிறகு என்னால் அதற்குத் திரும்பிப்போக முடியவில்லை.