சபை ஆண்டு விழா மலர்: சூளூர்பேட்டைக் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

நான் – காலை 7.10
ஸ்தோத்திரம் மாமா. நம் பாப்திஸ்து சபையின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களும் தெலுங்கு ஆராதனைக்கு வருகிறவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இரண்டு மொழியிலும் அச்சாகும். வரைவைப் பார்த்த ஒருவர், "கஞ்சிக்காகச் சேர்ந்த கூட்டம் என்று ஊரில் பேசுவார்கள், 1876–78 பஞ்சத்தைப் பற்றிய பகுதியை எடுத்துவிடு" என்றார். எடுத்துவிடலாமா?

பெரிய மாமா – காலை 7.42
எடுக்கக் கூடாதம்மா. அந்தப் பேச்சுக்குப் பதில் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1836-இல் சாமுவேல் டே என்ற அமெரிக்கப் பாப்திஸ்து ஊழியர் (மிஷனரி) தெலுங்கு நாட்டுக்கு வந்து, 1840-இல் நெல்லூரில் நிலைகொண்டார். பல ஆண்டுகள் பாடுபட்டும் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. இந்த ஊழியத்தையே மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் 1853-இல் விவாதம் நடந்தது. வரைபடத்தில் நெல்லூர் ஒன்றே தனித்து நின்றதால் இதற்குத் தனி நட்சத்திரம் என்ற பெயரும் வந்தது. மூடவில்லை. 1854 புத்தாண்டு விடியற்காலையில் ஜூவெட் என்ற ஊழியரும் அவர் மனைவியும் உள்ளூர் விசுவாசிகள் மூவரும், நெல்லூருக்கு வடக்கே உள்ள ஒங்கோலில் ஒரு குன்றின்மேல் ஏறி, அந்த ஊருக்கு ஓர் ஊழியரை அனுப்பும்படி ஜெபித்தார்கள். அப்படி வந்தவர்தான் ஜான் கிளவ். 1867 ஜனவரி 1 அன்று ஒங்கோல் சபை தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் 8 பேர்.

கூடூர் சித்தி – காலை 8.05
அண்ணா, பெரையாவைச் சொல்லாமல் கடந்துவிடாதீர்கள். எர்ரகுண்ட்ல பெரையா, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த, தோல் வேலை செய்யும் மாதிகர் குலத்தவர். 1866-இல் ஞானஸ்நானம் பெற்று, தம் உறவினர் வாழ்ந்த ஊர்களுக்கெல்லாம் தாமே நடந்து சென்று சுவிசேஷம் சொன்னவர். மாதிகரைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று ஒங்கோலின் மேல்சாதியார் பள்ளியிலிருந்து தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அந்த நெருக்கடியில் கிளவும் அவர் மனைவியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியே வேதத்தைத் திறந்தபோது, உலகம் அற்பமாய் எண்ணியவர்களைத் தேவன் தெரிந்துகொண்டார் என்ற கொரிந்தியர் நிருபப் பகுதியே இருவருக்கும் கிடைத்தது. கதவைத் திறந்தே வைப்பது என்று அன்றைக்கு முடிவாயிற்று. பஞ்சம் வந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து!

தம்பி – காலை 8.20
ஆனாலும் மாமா, பஞ்சம் முடிந்த கையோடு ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றால், சோறு காரணமில்லை என்று எப்படிச் சொல்வது? கல்லூரியில் நண்பர்கள் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

பெரிய மாமா – காலை 9.15
நல்ல கேள்வி, பொறுமையாகப் படி. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், பழவேற்காடு ஏரி வழியாக நம் பக்கமும் ஓடுகிறதே, அந்தப் பக்கிங்காம் கால்வாயை வடக்கே நீட்டும் வேலையை அரசாங்கம் நிவாரணப் பணியாக நடத்தியது. கிளவ் இளமையில் நில அளவைத் தொழில் பழகியவர். ஏறத்தாழ மூன்றரை மைல் நீளத்துக்கு வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே எடுத்தார். தம் உபதேசிமாரையே, அதாவது ஊர் ஊராகச் சென்று வேதம் சொல்லும் உள்ளூர் ஊழியரையே, மேற்பார்வையாளராக வைத்ததால், சாதியின் பெயரால் அடியும் வசவும் இல்லாமல் கூலி முழுதாகக் கைக்கு வந்தது. எந்தச் சாதியாராக இருந்தாலும், எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அங்கே மண் வெட்டலாம். மாலையில் உபதேசிமார் அவர்களோடு உட்கார்ந்து வேதம் பேசினார்கள்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று அந்த மக்கள் கேட்டபோது, கிளவ் மறுத்துவிட்டார். நிவாரணப் பணம் தம் கையில் இருக்கும் வரை ஒருவருக்கும் தண்ணீரில் முழுக்குக் கொடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தார். கொடுப்பதற்கு இனி ஒன்றுமில்லை, வேலையும் முடிந்தது, ஊருக்குப் போங்கள் என்று சொன்ன பிறகும் அவர்கள் திரும்பி வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில், ஒரு நேரத்தில் இருவராக, ஆறு போதகர்கள் மாறி மாறி நின்று, 2,222 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சோற்றுக்காக வந்தவன் சோறு தீர்ந்த பிறகு எதற்கு வருவான்? மனிதனாக நடத்தப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை என்றே நான் நம்புகிறேன்.

அம்மா – காலை 9.40
அண்ணா சொன்னதை அப்படியே போடு. அதோடு, சபைக் கூட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டும். நம் சபையில் மேலிருந்து ஆணை வருவதில்லை. போதகரை அழைப்பதும், கட்டடத்துக்குச் செலவிடுவதும் ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினர் கைதூக்கி முடிவு செய்பவை. நாற்று நடப் போகும் அம்மாள் எழுந்து, "காணிக்கைக் கணக்கை இன்னொரு முறை வாசியுங்கள்" என்று கேட்டால், வாசித்தே ஆக வேண்டும். அவளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கிற வேறு இடம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது?

நான் – காலை 9.52
சரி அம்மா, அதைத் தனிப் பத்தியாகவே எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கூடத்தைத் திறந்துவிட்டதையும் சேர்க்கட்டுமா?

கூடூர் சித்தி – காலை 10.03
சேர், ஆனால் சுருக்கமாக. அன்றைக்குப் படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் நம் சபையார் அல்லர், அவர்களிடம் யாரும் ஜெபத்துக்கு வரச் சொல்லவும் இல்லை என்ற ஒரு வரி போதும். மாலைநேரப் பாட வகுப்பைப் பற்றி விரிவாக எழுது. ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் தெலுங்குப் பாடத்துக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் கணக்குக்கும் ஒரே பாயில் உட்காருகிறார்கள்.

பெரிய மாமா – காலை 10.30
தமிழ் ஆராதனை முதலில் யார் வீட்டுத் திண்ணையில் தொடங்கியது என்பதை மூத்த அம்மாமார் இருவரிடமும் கேட்டுக் குரலாகவே பதிவு செய்துகொள். ஞானஸ்நானத் தொட்டியைக் கட்டிய கொத்தனாரின் மகன் நாயுடுப்பேட்டையில் இருக்கிறார். திங்கட்கிழமை மாலை நான் வண்டியோடு வருகிறேன், அவரையும் பார்த்துவிடலாம். தம்பி, நீயும் உடன் வா.

தம்பி – காலை 10.34
வருகிறேன் மாமா.