தேர்தல் நன்கொடைக் குறுஞ்செய்திகளை அடியோடு நிறுத்த வழி உண்டா?

பென்சில்வேனியா, பக்ஸ் கவுண்டியில் இருக்கிறேன். போன் பிக்சல் 7. ஜனவரியில் இந்தப் புது எண்ணை வாங்கியதிலிருந்து கட்சி நன்கொடை கேட்டுக் குறுஞ்செய்தி கொட்டுகிறது. "நள்ளிரவுக்குள் 5 டாலர் கொடுத்தால் நான்கு மடங்காகும்" என்கிற ரகம். எல்லாமே எண்ணின் பழைய சொந்தக்காரர் பெயருக்குத்தான். மனுஷன் எப்போதோ நன்கொடை கொடுத்திருப்பார் போல, மாட்டிக்கொண்டது நான். ஒஹாயோ, மொன்டானா வேட்பாளர்கள்கூடக் கேட்கிறார்கள்!

'ஸ்டாப்' என்று பதில் அனுப்பினால் அந்த எண் அடங்கும், மறுநாள் வேறு எண்ணிலிருந்து வரும். பிரச்சாரக் குழுக்கள் பட்டியலை ஒன்றுக்கொன்று வாடகைக்கு விடுகின்றனவே, அப்புறம் எப்படி நிற்கும்? வேண்டாத குறுஞ்செய்திகளைப் புகார் செய்யும் 7726 எண்ணுக்கு அனுப்பியும் பயனில்லை. விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்று எண்ணைப் பதியும் 'டூ நாட் கால்' அரசுப் பட்டியல் அரசியல் அழைப்புகளைக் கட்டுப்படுத்தாது. என் வாக்காளர் பதிவில் போன் எண்ணே இல்லை (படிவத்தில் அது கட்டாயமில்லை), அதனால் அங்கே நீக்கவும் ஒன்றுமில்லை. வங்கி, பிள்ளையின் பள்ளி எல்லாம் இந்த எண்ணில்தான், மாற்ற முடியாது.

வாக்காளர் தரவு விற்கும் நிறுவனங்களிடம் நேரடியாகச் சொல்லி, பழைய ஆளின் பெயரிலிருந்து இந்த எண்ணை நீக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படிச் செய்தீர்கள்?