வெள்ளம் வடிஞ்சாப்பிறகு குடுத்த எலிக்காய்ச்சல் குளிசை: அப்பா போடமாட்டன் எண்டுறார், என்ன செய்யிறது?

கண்டாவளைப்பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். எங்கடை பக்கம் ஒழுங்கையெல்லாம் இடுப்பளவு தண்ணி நிண்டு இப்பதான் வடிஞ்சிருக்கு. பி.எச்.ஐயும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மிட்வைப் அக்காவும் வாசிகசாலையில வைச்சு வயல்காரர் எல்லாருக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை குடுத்தவை. அப்பா வாங்கி சட்டைப் பையுக்கை போட்டவர் போட்டதுதான். கேட்டால் "40 வருசமா உந்தச் சேத்துக்கை நிக்கிறன், எந்த எலி என்னை என்ன செய்தது" எண்டு கதை. நாளண்டைக்கு பசளை எறிய இறங்கப்போறார். உது உண்மையா வேலை செய்யுமோ, வயித்தெரிவு வரும் எண்டும் சொல்லினம். மற்றது கிணத்துக்கையும் வெள்ளம் போட்டுது, முழுக்க இறைச்சு ஊத்தினால் காணுமோ?

பழைய_பிஎச்ஐ:
தம்பி, பென்சன் எடுத்தாலும் இந்தக் கேள்வி விடாது போல. 100 மில்லிகிராம் குளிசை ரெண்டு, கிழமைக்கு ஒருக்கா, வயலுக்கை இறங்கிற காலம் முடியுமட்டும். சாப்பிட்டாப்பிறகு ஒரு பெரிய கோப்பைத் தண்ணியோட போட்டுட்டு உடனை படுக்கக் கூடாது, அதுதான் எரிவுக்குக் காரணம். வயித்தெரிவுக்குக் குடிக்கிற பால் மாதிரி மருந்தை அதோட சேர்த்துக் குடிச்சால் குளிசை உடம்பில சரியாச் சேராது. பிள்ளைத்தாச்சியளுக்கும் சின்னப்பிள்ளையளுக்கும் வீட்டில கிடக்குது எண்டு எடுத்துக் குடுக்க வேண்டாம்.
அப்பாவின்ரை கதைக்கு: எலி கடிச்சு வாற வருத்தமில்லை உது. எலியின்ரை மூத்திரத்தில இருக்கிற கிருமி, மாடு நாயின்ரையிலும் இருக்கும். வெள்ளம் அதைக் கழுவிக்கொண்டு வந்து வயலுக்கை விடும், காலில இருக்கிற வெட்டுக்காயம், ஊறின தோல், கண், வாய் இதுகளுக்குள்ளாலை உள்ளிடும். 2008ல நாடு முழுக்க 7000 பேருக்கு மேலை வந்தது, கூடுதலா வயல் செய்யிற சனம்தான். குளிசை போட்டால் வரவே வராது எண்டு சொல்லமாட்டன், காலில காயம் இருந்தால் அது ஆறுமட்டும் இறங்காமல் விடுறதும் வேணும். பூட்ஸ் போடச் சொல்லி நானும் வாய் நோகச் சொன்னனான், சேத்துக்கை பூட்ஸ் புதைஞ்சு ஆள் மட்டும் வெளியிலை வரும், அதால இப்ப அதைப் பெரிசாச் சொல்லேல்லை.

முள்ளியவளை_அக்கா:
நான் சொல்ல வந்தது வேறை. குளிசை போட்டாலும் போடாட்டிலும் காய்ச்சல் வந்தால் டொக்டரிட்டை முதல் வார்த்தையா "வயலுக்கை நிண்டனான், வெள்ளத்துக்கை நடந்தனான்" எண்டு சொல்லச் சொல்லுங்கோ. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கடை சித்தப்பாவுக்கு காய்ச்சல், நாலு நாள் பனடோலோட வீட்டிலயே கிடந்தார், பிறகு ஒரு இடத்தில காட்டினது, டெங்கு டெஸ்ட் மட்டும் எடுத்து இல்லை எண்டு அனுப்பிப்போட்டினம், வயல் கதையை அவையும் கேக்கேல்லை நாங்களும் சொல்லேல்லை. கெண்டைக்கால் தசை தொடவே விடாத நோ, கண் ரெண்டும் சிவப்பு, ஆறாம் நாள் மூத்திரம் குறைஞ்சு கண் மஞ்சளா வந்தாப்பிறகுதான் 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஏத்தினது. சிறுநீரகத்துக்கு மிசின் வைச்சு ஆள் தப்பிட்டார், ஆனால் அந்தப் போகம் முழுக்கப் போட்டுது. ரெண்டாம் மூண்டாம் நாள் போயிருந்தால் பெனிசிலின் ஊசியோட வீட்டை வந்திருப்பார். வெள்ளத்துக்கை நிண்டு ஒண்டு ரெண்டு கிழமை கழிச்சும் காய்ச்சல் வரும், அதால அந்த வெள்ளம் எப்பவோ வடிஞ்சிட்டுது எண்டு விட்டுடாதேங்கோ.

மல்லாவிமச்சான்:
எல்லாம் சரி, குளிசையைத் தந்துபோட்டு வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டால் வருசா வருசம் குளிசைதான். போன வருசமும் மனு குடுத்தது, அது எந்த மேசையில கிடக்குதோ.

பழைய_பிஎச்ஐ:
மச்சான் சொல்லுறது ஞாயம், அதுக்காகக் குளிசையை எறியாதேங்கோ. 2024 டிசம்பரில யாழ்ப்பாணத்தில வெள்ளத்துக்குப் பிறகு சனம் காய்ச்சலில செத்தது, முதல் என்ன காய்ச்சல் எண்டே தெரியாமல் எல்லாரும் பயந்து, ரத்தம் சோதிச்சாப்பிறகுதான் எலிக்காய்ச்சல் எண்டு பிடிபட்டது. அதுக்குப் பிறகு அங்கையும் இதே குளிசைதான் குடுத்தது. டெங்குவோ இதுவோ தெரியாத வரைக்கும் புரூபன், டிஸ்பிரின் மாதிரி நோக்குளிசையள் போடக் கூடாது, பனடோல் மட்டும்.
கிணறு: ஒரே மூச்சில அடிமட்டும் இறைக்க வேண்டாம். சுத்திவர நிலம் ஊறிப்போய் நிக்கேக்கை உள்ளுக்கை தண்ணி இல்லாட்டில் வெளித்தண்ணி தள்ளிக் கட்டு இடிஞ்சு விழும், கட்டாத கிணறு எண்டால் கேக்கவே வேண்டாம். நிலத்தடி நீர் இறங்குமட்டும் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு, சேத்தை அள்ளி, பிறகுதான் குளோரின். கலங்கல் தண்ணிக்குக் குளோரின் போட்டு வேலையில்லை, சேறே அதைத் தின்னும். கிணத்தின்ரை விட்டத்தையும் தண்ணி உயரத்தையும் அளந்து வைச்சிருங்கோ, 10 அடி விட்டத்தில 7 அடி தண்ணி எண்டால் ஏறத்தாழ 15,500 லீற்றர், அதைச் சொன்னால் உங்கடை பி.எச்.ஐ எவ்வளவு பவுடர் எண்டு சொல்லுவார். போட்டு ஒரு நாள் விட்டு, மணம் போகுமட்டும் இறைக்கிறது. அதுவரை பவுசரில (தண்ணி வண்டியில) வாற தண்ணி, அதையும் கொதிக்க வைச்சு.

கண்டாவளைப்பெடியன்:
நன்றி அண்ணை, அக்கா. சித்தப்பாவின்ரை கதையை அப்படியே வாசிச்சுக் காட்டினன், அப்பா ஒண்டும் பேசேல்லை. அம்மா மட்டும் ரெண்டு குளிசையையும் புட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில வைச்சவ. போட்டுட்டார். காலைப் பாத்தால் குதிக்கால் வெடிப்பு இவ்வளவு பெரிசு, நாளண்டைக்கு பசளை எறிய நான் இறங்கிறன், எனக்கு இன்னும் குளிசை எடுக்கேல்லை, விடிய எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்குப் போகவேணும்.