கிளியூர் அருவியில் இப்போது தண்ணீர் எப்படி? சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வரும் ஞாயிறு சேலத்திலிருந்து குடும்பமாக ஏற்காடு போகிறோம். முட்டி வலி உள்ள 70 வயது அம்மாவும் 6 வயதுப் பையனும் உடன் வருகிறார்கள்.

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூருக்கு வருகிறது. மலையில் ஒருநாள் மழை அடித்தால் மட்டும் போதாது, ஏரி வழிய வேண்டும். இப்போது வழிகிறதா? இதுதான் முதல் கேள்வி.

அடுத்தது படிகள். செங்குத்தாக இறங்கும்போது முட்டிக்குத்தான் பாரம். திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும். அம்மாவைப் பாதி வழியில் உட்கார வைக்க நிழலான இடம் உண்டா? இல்லையென்றால் அவரை ஏரிக்கரையிலேயே விட்டுவிடுவதுதான் சரி. கீழே பச்சைப் பாசியைவிட, காய்ந்த மாதிரி தெரியும் கறுப்புப் படலம்தான் ஆபத்து. கால் வைத்ததும் வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள பிடிப்பான செருப்பு எடுத்துக்கொள்கிறோம். குளிக்க விடுகிறார்களா, தடுப்பு போட்டிருக்கிறார்களா?

பையனுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். 20 கொண்டை ஊசி வளைவுள்ள அஸ்தம்பட்டி வழியா, குப்பனூர் வழியா, எது பரவாயில்லை? மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே கொடுத்து, இரண்டு இட்லியோடு நிறுத்திவிடுவோம்.

மதியத்துக்குமேல் அண்ணா பூங்காவா, பகோடா பாயிண்டா? அம்மா பாய் விரித்துச் சற்று சாய வேண்டும், குரங்குத் தொல்லை குறைவாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் போன தேதியோடு சொன்னால் பெரிய உதவி.