பொருள்: ஆள் வடிவப் போர் எந்திரத்துக்கு ஒரு சொல், வெள்ளிக்குள்

காரைக்குடி, செவ்வாய் இரவு

வணக்கம். அடுத்த வாரம் கல்லூரியில் அறிவியல் புனைவுப் படங்கள் பற்றி மூன்று வகுப்பு எடுக்கிறேன். கையேடு வெள்ளி காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மனித உருவில் செய்து போருக்கு அனுப்பும் எந்திரத்துக்கு என்ன சொல் போடலாம்? ‘மனித உருவ ராணுவ ரோபோ’ என்று அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டது. இதில் ஒரு சிக்கல். 1984இல் வந்த ‘டெர்மினேட்டர்’ உள்ளே இரும்பு, மேலே தசை. 1987இன் ‘ரோபோகாப்’ போலீஸ்தான் என்றாலும் நேர்மாறு: மேலே இரும்பு, உள்ளே செத்த மனிதனின் மூளை. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

தேவகோட்டை, புதன் அதிகாலை

குறள் 1020 இருக்க ஏன் அலைகிறீர்கள்? ‘நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று.’ கயிற்றில் ஆடும் பாவை உயிருள்ளதுபோல் ஏய்க்கிறது. ஆகவே உயிர்மருட்டி. போருக்கு உருவம் செய்வதும் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதில்மேல் ‘கருவிரல் ஊகம்’, குரங்கு வடிவில் இருந்து கடிக்கும் பொறி. பெருங்கதைக் காப்பியத்தில் மன்னன் உதயணனைப் பிடிக்க எந்திர யானை, வயிற்றுக்குள் வீரர்கள்.

சிங்கப்பூர், புதன்

அழகான சொல், ஆனால் குறளில் அது பெயரே இல்லை, வினை. தவிர, சோளக்கொல்லைப் பொம்மையும் உயிர்மருட்டிதானே, அதில் போர் எங்கே? என் வாக்கு ‘பொறிமறவன்’.

தேவகோட்டை, புதன்

வழிகாட்டி, ஒலிபெருக்கி எல்லாம் வினையோடு இகரம் சேர்ந்து வந்த பெயர்கள்தானே? அங்கே வினை என்பதால் இங்கே பெயராகக் கூடாதா? உங்கள் பொறி எது: எலிப்பொறியா, ஐம்பொறியா, தீப்பொறியா?

காரைக்குடி, புதன் மாலை

‘மறவன்’ வேண்டாம், அண்ணே. சிங்கப்பூரில் அது வீரம். இந்த மாவட்டத்து வகுப்பறையில் சாதி.

கோட்டையூர், புதன் இரவு

‘மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்.’ இங்கே ஒப்பாரி என்றால் ஒப்புமை. எனவே ‘ஆளொப்பாரி’. இன்னொன்று. ரோபோ என்ற சொல் காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தில் வந்தது. சொல்லைக் கொடுத்தவர் அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய வேலைக்குப் பெயர் ‘வெட்டி’. அப்படியானால் ரோபோவுக்கு நேர்த் தமிழ்...

காரைக்குடி, புதன் இரவு

வெட்டிச் சிப்பாய் என்றால் கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் என் மாணவர்கள்.

பள்ளத்தூர், வியாழன்

ஒப்பாரி என்று எழவு வீட்டுச் சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், தம்பி. எங்கள் வீட்டு முகப்புக்கு மேலே இரண்டு சுதைச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். வெள்ளைக்காரத் தொப்பி, தோளில் துப்பாக்கி. ஒருத்தனுக்கு முழங்கைக்குக் கீழே காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பேரன் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்து, “அப்பத்தா, இவன் உள்ளே ரோபோவா?” என்று கேட்டான். எந்திரச் சிப்பாய் என்று போடுங்கள். எனக்கும் புரியும், அவனுக்கும் புரியும்.

தேவகோட்டை, வியாழன்

ஆச்சி, சிப்பாய் பாரசீகம்.

பள்ளத்தூர், வியாழன்

இருக்கட்டுமே. வாசலில் நூறு வருஷமாக நிற்கிறானே.

காரைக்குடி, வியாழன் இரவு

சரி, நேரமில்லை. எந்திரச் சிப்பாய்க்கு ஆச்சி, கோட்டையூர், நான். சிங்கப்பூர் ‘எதுவானாலும் சரி’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ரோபோகாப் வகைக்குச் சொல் கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் பார்த்துக்கொள்கிறேன்.

தேவகோட்டை, வியாழன் நள்ளிரவு

கட்டுப்படுகிறேன், ஒப்பவில்லை. சிப்பாய் என்றால் சீருடை, வரிசை. டெர்மினேட்டரோ அடுத்தவன் சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, மனிதன்போல் வந்து கதவைத் தட்டுகிறவன். அவனைச் சிப்பாய் என்றால் பயம் எங்கே போயிற்று? அடிக்குறிப்பிலாவது உயிர்மருட்டிக்கு ஒரு வரி கொடுங்கள். அப்புறம், அச்சகத்தில் ‘எந்திர’வுக்குப் பக்கத்தில் ‘ச்’ விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி, வெள்ளி காலை

பதினாறு பக்கமும் நிரம்பிவிட்டது, ஐயா. பின்னட்டை காலியாக இருக்கிறது. அங்கே குறளோடு போடட்டுமா?