ஒரே புகைப்படம், ஒரே மானிட்டர்: உலாவியில் ஒரு சிவப்பு, பட நோக்கியில் வேறொரு சிவப்பு. எதை நம்புவது?

மூன்றாம்கண் (கேள்வி)

வணக்கம். சிவப்பு ரோஜா ஒன்றை மிக அருகில் வைத்து எடுத்த படத்தைத் திருத்தி, இணையத்தில் இடுவதற்காக ஜேபெக் கோப்பாகச் சேமித்தேன். அந்தக் கோப்பை ஒரே மானிட்டரில் ஐந்து மென்பொருள்களில் திறந்து பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது மூன்று விதமான படங்கள் தெரிகின்றன. திருத்தும் மென்பொருளிலும் முதல் உலாவியிலும் படம் நான் எண்ணியபடியே இருக்கிறது. இரண்டாவது உலாவியிலும், வேகத்துக்காக நான் பயன்படுத்தும் சிறிய பட நோக்கியிலும் சிவப்பு கண்ணைக் குத்துகிறது. இதழ்களின் மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் சிவப்புத் திட்டாகிவிடுகின்றன. கணினியோடு வந்த பழைய பட நோக்கியிலோ சிவப்பு ஓரளவு சரியாக இருந்தாலும், பூவுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் தாள் மஞ்சள் பூத்திருக்கிறது.

அகன்ற நிறப்பரப்புள்ள, அதாவது வழக்கத்தைவிடச் செறிவான நிறங்களையும் காட்டவல்ல மானிட்டர் ஒன்றை அண்மையில் வாங்கிய பிறகுதான் இதைக் கவனித்தேன். காலிபரேஷன் (நிறங்களை அளந்து சரிப்படுத்துதல்) எதுவும் செய்யவில்லை. மானிட்டர் ஒன்றே என்பதால் குறை அதனுடையது அல்ல என்று நினைக்கிறேன். சிவப்பின் செறிவைக் குறைத்து மீண்டும் சேமிக்குமாறு நண்பர் ஒருவர் சொன்னார்; ஆனால் அப்படிச் செய்தால் சரியாகத் தெரியும் இடத்தில் படம் வெளிறிவிடும். என் படத்தின் உண்மையான நிறம் எது? மற்றவர்கள் பார்ப்பது எது? திரைப்பிடிப்பை இணைத்திருக்கிறேன்.

அலைநீளம்

செறிவைக் குறைக்க வேண்டாம். பிழை படத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

கோப்பில் இருப்பவை நிறங்கள் அல்ல, எண்கள். ‘நீளம் 100’ என்று மட்டும் எழுதி, அங்குலமா சென்டிமீட்டரா என்று சொல்லாமல் விட்டால் என்ன குழப்பம் வருமோ அதே குழப்பம்தான் ‘சிவப்பு 255’ என்பதிலும் இருக்கிறது. அந்த 255 எந்தச் சிவப்பைக் குறிக்கிறது என்பதைச் சொல்வது நிறவெளி. அதைக் கோப்புக்குள் எழுதிவைப்பது ஐசிசி புரொஃபைல். இணையத்தின் பொது வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளி 1996இல் ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்வைத்து, 1999இல் பன்னாட்டுத் தரமானது. அக்கால மானிட்டர்களின் நிறப்பரப்பை ஒட்டியே அதை வகுத்தார்கள் என்பதால், கோப்பின் எண்களைச் சாதாரண மானிட்டருக்கு அப்படியே அனுப்பினாலும் நிறம் ஏறத்தாழச் சரியாகவே வந்துவிடும். உங்கள் பழைய மானிட்டரில் வேறுபாடு தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். அந்த மென்பொருள்கள் அப்போதும் இதே தவறைச் செய்துகொண்டுதான் இருந்தன.

புதிய மானிட்டரின் நிறப்பரப்பு எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிறவெளியான டிஸ்ப்ளே பி3 அளவுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். எஸ்ஆர்ஜிபியின் 255, 0, 0 (முறையே சிவப்பு, பச்சை, நீலம்) என்ற சிவப்பை அதில் அதே சிவப்பாகக் காட்ட வேண்டுமானால், மென்பொருள் அந்த எண்களை ஏறக்குறைய 234, 51, 35 என்று மாற்றி அனுப்ப வேண்டும். மாற்றாமல் 255, 0, 0 என்றே அனுப்பினால், மானிட்டர் தன்னால் இயன்ற மிகக் கடுஞ்சிவப்பைக் காட்டும். இதழின் மடிப்புகள் எண்களில் அழியவில்லை. அந்த மிகைச் செறிவில் கண்தான் அவற்றைப் பிரித்தறியத் தவறுகிறது.

இப்படி மாற்றித் தரும் வேலையை எல்லா மென்பொருள்களும் ஒரே மாதிரி செய்வதில்லை. சில பட நோக்கிகள் அறவே செய்யாது. சில, புரொஃபைல் இல்லாத படத்தை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு மாற்றும். இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் தரமும் அப்படி எடுத்துக்கொள்ளவே சொல்கிறது. வேறு சில, புரொஃபைல் உள்ள படங்களை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே அனுப்பிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் ‘அபவுட்:கான்ஃபிக்’ என்ற அமைப்புகள் பக்கத்தில் நிற மேலாண்மைக்கென ஓர் அமைப்பு உண்டு: 0 என்றால் மாற்றம் கிடையாது, 1 என்றால் அனைத்துக்கும், 2 என்றால் புரொஃபைல் உள்ளவற்றுக்கு மட்டும். நெடுங்காலமாக இயல்பிருப்பு 2தான்.

ஆகவே என் ஊகம்: உங்கள் கோப்பில் புரொஃபைல் இல்லை. முதல் உலாவி அதை எஸ்ஆர்ஜிபி என்று கருதியது, இரண்டாவது கருதவில்லை. சேமிக்கும் பெட்டியில் புரொஃபைலை உட்பொதிக்கும் தேர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சேர்ப்பது ஏறக்குறைய 3 கிலோபைட்தான். கோப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று அதை வெட்டி எறியும் வழக்கத்தை என்னால் புரிந்துகொள்ளவே முடிந்ததில்லை.

அச்சுமை

மேலே சொன்னவை சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் அடுத்து நீங்கள் விழக்கூடிய குழி அதுதான். திருத்தும் மென்பொருள்களில் புரொஃபைலை ‘ஒதுக்குவது’ (அசைன்) வேறு, புரொஃபைலுக்கு ‘மாற்றுவது’ (கன்வர்ட்) வேறு. ஒதுக்கும்போது எண்கள் அப்படியே இருக்க, அவற்றின் பொருள் மாறுகிறது; அதாவது நிறம் மாறுகிறது. மாற்றும்போது நிறத்தைக் காப்பாற்றுவதற்காக எண்கள் மாறுகின்றன. எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற மற்றொரு நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படம் என்றால், எஸ்ஆர்ஜிபியின் முழுச்சிவப்பு அதில் 219, 0, 0 என்றும் முழுப்பச்சை 144, 255, 60 என்றும் எழுதப்பட்டிருக்கும். அதற்கு எஸ்ஆர்ஜிபியை வெறுமனே ஒதுக்கினால் பூ வாடிவிடும், இலை பழுத்துவிடும். ஒரு முழு ஆல்பத்தை இப்படி ஒதுக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டு, அச்சிட்டவரோடு அரைநாள் வாதாடியவன் நான். தவறு முழுக்க என்னுடையது.

உங்கள் கேமரா எதில் எடுக்கிறது என்பதைக் கோப்பின் பெயரே காட்டிக்கொடுக்கும். அடோபி ஆர்ஜிபியில் எடுத்தால் பெயரின் முதல் எழுத்து அடிக்கோடாக இருக்க வேண்டும் என்பது கேமராக்களுக்கான பொது விதி.

மூன்றாம்கண்

இருவருக்கும் நன்றி. பெயரில் அடிக்கோடு இல்லை. கேமரா எஸ்ஆர்ஜிபியில்தான் இருக்கிறது. புரொஃபைலை உட்பொதிக்கும் தேர்வு உண்மையிலேயே அணைந்திருந்தது. அதை இயக்கி மீண்டும் சேமித்ததும் இரண்டாவது உலாவியில் இதழ் மடிப்புகள் திரும்பிவிட்டன. இப்போது இரு உலாவிகளுக்கும் இடையே வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. சிறிய பட நோக்கி மட்டும் பழையபடியே இருக்கிறது. வெள்ளைத் தாளின் மஞ்சளும் போகவில்லை. புரொஃபைல்தான் காரணம் என்றால், சேர்த்த பிறகும் ஏன் போகவில்லை?

வெண்புள்ளி

ஏனெனில் இதில் இரண்டு புரொஃபைல்கள் உண்டு. நீங்கள் இப்போது சரிசெய்தது கோப்பினுடையது. மற்றொன்று மானிட்டருடையது, அது இயங்குதளத்தில் பதிந்திருக்கும். நிறங்களை மாற்றித் தரும் மென்பொருள் கோப்பின் புரொஃபைலிலிருந்து மானிட்டரின் புரொஃபைலுக்கு மாற்றுகிறது. இரண்டாவது தவறாக இருந்தால், சோம்பேறி மென்பொருள் தப்பித்துக்கொள்ளும், கடமை தவறாதது மாட்டிக்கொள்ளும். புதிய மானிட்டரை இணைத்தபோது டிரைவரோடு சேர்ந்து அதன் புரொஃபைலும் தானாகப் பதிந்திருக்கலாம். அப்படி வருபவற்றில் பழுதானவை உண்டு. விண்டோஸின் பழைய பட நோக்கியில் வெள்ளை மஞ்சளாகத் தெரிவது அதன் நன்கறிந்த அடையாளம்.

உலாவிகளில் மட்டும் ஏன் மஞ்சள் இல்லை என்ற கேள்வி எழும். மானிட்டர் புரொஃபைலுக்குள் நிறமாற்றத்துக்கான வழி ஒன்றுக்கு மேல் எழுதப்பட்டிருக்கலாம்: சிறியதொரு மாட்ரிக்ஸ் (எண்களின் கட்டம்) ஒரு வழி, விரிவான அட்டவணை மற்றொரு வழி. ஒரு மென்பொருள் மாட்ரிக்ஸை மட்டும் படிக்க, மற்றொன்று அட்டவணையைப் படிக்கலாம். வெள்ளையைக் கையாளும் முறையும் வேறுபடும். கோப்பின் வெள்ளையை மானிட்டரின் வெள்ளையோடு பொருத்திவிடும் முறையில் 255, 255, 255 மாறாமல் போய்ச் சேரும். வெள்ளையின் சாயலையும் சேர்த்துக் காப்பாற்ற முயலும் முறையில், புரொஃபைலிலுள்ள பிழை அப்படியே தாளில் வந்து படியும்.

சோதிப்பது எளிது. பழைய நோக்கியில் படத்தைத் திறந்து, திரைப்பிடிப்பு எடுத்து, தாளின் வெள்ளை மேல் நிறங்காட்டும் கருவியை வைத்து எண்களைப் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மஞ்சள் மானிட்டரில் இருக்கிறது. நீலம் மட்டும் குறைந்திருந்தால் அந்த மென்பொருள்தான் எண்ணை மாற்றியிருக்கிறது. பிறகு இயங்குதளத்தின் நிற மேலாண்மைப் பகுதியில் மானிட்டருக்கு இப்போதிருக்கும் புரொஃபைலை நீக்காமல், தற்காலிகமாக எஸ்ஆர்ஜிபியை இயல்பாக வைத்து, நோக்கியை மூடித் திறந்து பாருங்கள்.

இடையில் ஒரு வேண்டுகோள்: திரைப்பிடிப்பை எங்களுக்கு அனுப்பாதீர்கள். அதிலிருப்பவை உங்கள் மானிட்டருக்காக ஏற்கெனவே மாற்றப்பட்ட எண்கள். என் மானிட்டரில் அவற்றுக்கு அதே பொருள் கிடையாது. நீங்கள் இணைத்த படத்தில் ‘சரியான’ ரோஜாதான் எனக்கு வெளிறித் தெரிகிறது, ‘தவறான’ ரோஜா அழகாக இருக்கிறது!

கைபேசிப்படம்

இந்த இழைக்குக் கொஞ்சம் வெளியே இருந்தாலும், தேடி வருபவர்களுக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன். கைபேசியில் எடுத்த படங்களில் வேறுபாடு தெரிந்தால் புரொஃபைலை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். 2023இல் ஆண்ட்ராய்டு 14 உடன் வந்த அல்ட்ரா எச்டிஆர் முறையில், சாதாரண ஜேபெக் படத்தோடு எந்த இடத்தை எவ்வளவு பிரகாசமாக்கலாம் என்று சொல்லும் இரண்டாவது படமும் ஒளிந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருளில் வானம் பளீரென்று எரியும். தெரியாததில் அடங்கிக் கிடக்கும். இரண்டுமே தவறல்ல. ரா கோப்புகளின் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக்கோப்புகளின்) கதை வேறு: பல நோக்கிகள் காட்டுவது கேமரா உள்ளே வைத்த சிறு ஜேபெக்கை, திருத்தும் மென்பொருள் காட்டுவது தானே சமைத்ததை.

மூன்றாம்கண்

சோதித்தேன். பழைய நோக்கியில் தாளின் வெள்ளை 255, 249, 226 என்று காட்டியது. மானிட்டருக்கு எஸ்ஆர்ஜிபியை வைத்து மூடித் திறந்ததும் மஞ்சள் போய்விட்டது. ஆனால் இப்போது இரு உலாவிகளிலும் ரோஜா மீண்டும் கண்ணைக் குத்துகிறது.

வெண்புள்ளி

குத்தத்தான் வேண்டும். அகன்ற மானிட்டரை ‘நான் எஸ்ஆர்ஜிபி’ என்று பொய் சொல்ல வைத்திருக்கிறோம். ஆகவே மாற்றத் தேவையில்லை என்று உலாவிகள் நம்புகின்றன. சோதனைக்காகச் சொன்னதை அப்படியே விட்டுவிட வேண்டாம். இனி இரண்டு வழிகள். திரையின் நிறத்தை அளக்கும் கருவியான நிறமானியை வாங்கியோ இரவல் பெற்றோ மானிட்டரை அளந்து, அதற்கென ஒரு புரொஃபைலை உருவாக்குவது முதல் வழி. அதுவரை மானிட்டரின் பொத்தான்களில் எஸ்ஆர்ஜிபி என்ற நிலை இருந்தால் அதற்கு மாறிவிட்டு, இயங்குதளத்திலும் எஸ்ஆர்ஜிபியையே வைத்திருப்பது இரண்டாவது. அப்போது மானிட்டர் சொல்வது ஏறக்குறைய உண்மையாகிவிடும் என்பதால், எதையும் மாற்றத் தெரியாத உங்கள் சிறிய நோக்கிகூட ஒழுங்காகக் காட்டும். விலையாக, அகன்ற நிறப்பரப்பை இழப்பீர்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள். மானிட்டர் எஸ்ஆர்ஜிபி நிலையிலும் இயங்குதளம் அகன்ற புரொஃபைலிலும் இருந்தால் நிறங்கள் இருமுறை சுருங்கி ரோஜா செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.

மூன்றாம்கண்

இரண்டாவது வழியில் வைத்திருக்கிறேன். ஐந்து ஜன்னல்களிலும் இப்போது ஒரே ரோஜா. மடிப்புகள் எண்ண முடிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. நிறமானி கிடைத்ததும் முதல் வழியைச் செய்து பார்த்து, தாளின் எண்களை இங்கேயே எழுதுகிறேன்.